பெக் பூட்டின கதை

சைக்கிளைப்பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று ஒரு தடிப்பு என்னிடம் கனகாலமாக இருந்தது. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். இடைக்கிடை நட்டு, அக்சில், கோன் என்று வரும். சைக்கிள் பிடிக்காத ஆக்கள் இடையில் இறங்கிக்கொள்ளலாம், கோவிக்க மாட்டன்.

2024 ஆடிக் கடைசியில் பாரிஸ் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. நான் இரவு வேலை முடித்து வந்து நித்திரை கொண்டு எழும்பி, தேத்தண்ணியோடு வந்து இருந்தால் ரீவியில் பெடியங்கள் சின்னச் சைக்கிளில் ஆகாயத்தில் கரணம் அடிக்கிறாங்கள். என் மகன் கதிரையில் இருக்கவில்லை, கதிரைக்கு மேல் நிற்கிறான். ஆர்ஜன்டீனாக்காரர் ஹொசே தொரெஸ் தங்கம் எடுத்தார், இங்கிலாந்தின் கீரன் றைலிக்கு வெள்ளி. வெள்ளி கிடைத்ததற்கு இவன் சொந்தத் தமையனுக்குக் கிடைத்த மாதிரித் துள்ளினான்.

"இதையும் ஒலிம்பிக்கில சேர்த்திட்டாங்களோ?" என்று கேட்டேன்.

"அப்பா, இது டோக்கியோவிலயே வந்திட்டுது. 2021இல சார்லொட் வோர்திங்டன் எங்கட நாட்டுக்கு கோல்ட் எடுத்தவ."

எங்கட நாடு. சரி.

"நீயும் உப்பிடி ஓடப்போறியோ?"

"இது பார்க். நான் ஓடப்போறது ஸ்றீட்."

ஒரு கிழமை கழித்துத் தபாலில் ஒரு கனமான பெட்டி வந்தது. அதுக்குள் இரண்டு இரும்புக் குழாய்த் துண்டுகள். நாலு இஞ்சிக்குக் கொஞ்சம் கூட நீளம், ஒன்றரை இஞ்சி அளவு மொத்தம். ஒரு பக்கம் திறந்தபடி, மற்றப் பக்கம் தடித்த அடி, அந்த அடியின் நடுவில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை அக்சிலில் கொழுவி, குழாய்க்கு உள்ளேயிருந்து நட்டை இறுக்க வேண்டும். அவ்வளவுதான். இதுக்குப் பெயர் பெக்.

இதை வைத்து என்ன செய்வது? ஆதியில் பீ.எம்.எக்ஸ் பெடியங்கள் இதில் ஏறி நின்று வித்தை காட்டினார்கள். பிறகு தெருவில் ஓடுகிறவர்கள் வேறொன்று கண்டுபிடித்தார்கள். சைக்கிளோடு துள்ளி, படிக்கட்டுக் கைபிடிக் குழாயின் மேலோ சீமெந்துக் கட்டின் விளிம்பிலோ இந்தப் பெக்கை வைத்து, அந்த முழு நீளத்துக்கும் உரஞ்சிக்கொண்டு போவது. கிறைண்ட் என்கிறார்கள். சில்லு நிலத்தில் இல்லை. இரும்பு சீமெந்தில் தேய்கிறது. தேயத் தேயத்தான் விளையாட்டு.

இதை மகன் கைபேசியில் காட்டியபோது எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. பயத்தில் இல்லை. பயம் மனிசியின் இலாகா. எனக்கு வந்தது வேறு.

"காசு குடுத்து வாங்கிப்போட்டுச் சீமெந்தில தேய்க்கிறதோ?"

"அதுக்குத்தான் அப்பா பெக்."

எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது? நான் பதினாலு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரைக்கும் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு சைக்கிள் கடையில் நின்றவன். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய்விட்டது. பெற்றோல் இல்லை. வைத்திருந்தவர்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், ஸ்ராட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல். மற்ற எல்லாம் சைக்கிள்தான். நெல் மூட்டை, விறகு, பிள்ளைத்தாச்சி, சில நேரம் செத்த வீட்டுப் பெட்டி. இரவில் ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலை மிதித்து, டைனமோவில் றேடியோ பூட்டிப் பீபீசி தமிழோசை கேட்டது என் வயதுக்காரர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

கடையில் எங்கள் வேலை முழுக்க முழுக்கத் தேய்மானத்தோடு மல்லுக்கட்டுவதுதான். ரயர் வெடித்தால் பழைய ரயர்த் துண்டை உள்ளுக்கு வைத்துத் தைப்போம். கோன் தேய்ந்தால் மற்றப் பக்கத்துக்கு மாற்றிப் பூட்டி இன்னும் மூன்று மாதம் ஓட்டுவோம். கிறீஸ் இல்லாத நேரம் தேங்காயெண்ணெய். முதலாளி அண்ணை போல்ஸை ஒவ்வொன்றாக எண்ணித் தகரப் பேணியில் போட்டு வைப்பார். ஒன்று குறைந்தால் நிலத்தில் முழங்காலில் நின்று தேட வேண்டும். அப்படி வளர்ந்த ஒருவனிடம், இரும்பைச் சீமெந்தில் தேய்க்கப்போகிறேன், பூட்டித் தா என்றால்?

ஆனால் பூட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுக்கும் தடிப்புத்தான் காரணம். ஏனென்றால் அந்தக் குழாயைக் கையில் எடுத்த உடனேயே எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. நானே அதைச் செய்திருக்கிறேன்.

அம்மம்மாவுக்குக் கால் ஒன்று சரியில்லை. கரியரில் இருத்திக்கொண்டு போனால் கால் தொங்கும், விறைக்கும், சில்லுக்குள் போய்விடுமோ என்று அவ நடுங்குவா. 1993 ஆக இருக்க வேண்டும், கடையில் கிடந்த பழைய தண்ணிக் குழாயில் ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, பின் அக்சிலை நீளமான ஒன்றாக மாற்றி, இரண்டு பக்கமும் குழாயைக் கொழுவி, தடித்த வாசர் வைத்து நட்டால் இறுக்கினேன். கால் வைக்கிற கட்டை. முதலாளி அண்ணை பார்த்துப்போட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமை ஒரு வாத்தியாரின் சைக்கிளைக் கொண்டுவந்து, "இதுக்கும் உப்பிடி ஒண்டு அடிச்சுவிடு" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பட்டம்.

1995 ஐப்பசி 30 இரவு, முழு வலிகாமமும் வெளிக்கிட்டபோது அம்மம்மா அந்தக் கட்டைகளில் கால் வைத்துத்தான் கரியரில் இருந்தா. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நகரவே இல்லை. ஓடவா முடியும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு அடி, பிறகு நிற்கிறது, பிறகு ஒரு அடி. விடிய விடிய. ஹாண்டிலில் சட்டி பானை, பாரில் அரிசிப் பை, பின்னுக்கு அம்மம்மா. அக்சில் பிழைக்கவில்லை. நட்டு இளகவில்லை.

அந்த அனுபவத்தோடு நிற்கிறவனுக்கு லண்டனில் ஒரு மவுண்டன் பைக்கில் பெக் பூட்டுவது பெரிய காரியமோ?

மகனின் சைக்கிள் நான் வாங்கிக் கொடுத்தது. பழைய 26 இஞ்சிச் சில்லு, அலுமினியப் பிரேம், ஏழு கியர், றிம்மைப் பிடிக்கிற பிரேக், முன்னுக்கு ஸ்பிறிங் வைத்த ஃபோர்க். "பீ.எம்.எக்ஸ் ஒண்டு வாங்கித் தாறன், உதை விடு" என்று ஒருக்கால் சொல்லிப் பார்த்தேன். அவன் என்னைவிட அரை அடி உயரம். அந்தச் சின்னச் சைக்கிளில் முழங்கால் ஹாண்டிலில் இடிக்குதாம். பள்ளிக்கூடம் போவதும் இதில்தானாம். பிறகு, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு, "இது நீங்கள் வாங்கித் தந்தது" என்றான். அதற்கு மேல் நான் ஒன்றும் கதைக்கவில்லை.

பின்சில்லைக் களட்டியதும் முதல் சிக்கல். மவுண்டன் பைக்கில் அக்சில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. உள்ளே கோறையாக இருக்கும். அதுக்குள்ளால் ஒரு மெல்லிய கம்பி போய், ஒரு நெம்பை மடக்கினால் சில்லு இறுகும். சில்லைக் கெதியாகக் கழற்ற நல்ல வழி, பெக் கொழுவ அங்கே ஒன்றும் இல்லை. இப்போது வருகிற புது மவுண்டன் பைக்குகளில் தடித்த அக்சிலே பிரேமுக்குள் முறுக்கிப் போகிறது, அவற்றில் பெக் என்ற கதைக்கே இடமில்லை. சரி, கோறை அக்சிலை எடுத்துப்போட்டு 10 மி.மீ. பொத்தல் இல்லாத அக்சில் ஒன்று வாங்கிப் போட்டேன். கோனை இறுக்கி, கால் சுற்று இளக்கி, சில்லை விரலால் சுழற்றிப் பார்த்தேன். கை மறக்கவில்லை. அரை மணித்தியாலம் நான் திருநெல்வேலியில் இருந்தேன்.

இரண்டாவது சிக்கல், வலப்பக்கம். கியர் மாற்றுகிற கை அக்சிலுக்குக் கீழே தொங்குகிறது. அந்தப் பக்கம் பெக் வைத்து விளிம்பில் ஏறினால் முதலில் சாவது அதுதான். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் என்றால் இடப்பக்கமும் கரைச்சல். இவனுடையதில் அது இல்லை, இவன் உரஞ்சுவதும் இடப்பக்கம்தான், ஆகவே இடப்பக்கம் மட்டும் ஒரு பெக். முன்னுக்கு? ஸ்பிறிங் ஃபோர்க்கின் நுனியில் சில்லு கழன்று விழாமல் இருக்க ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பெக் அதில் மட்டமாக இருக்காது. அந்தக் கால்கள் வார்ப்பு மக்னீசியம், பக்கத்து அடிக்குச் செய்தவையும் இல்லை. முன்னுக்கு வேண்டாம் என்று விட்டேன். அந்த மட்டுக்காவது புத்தி வேலை செய்தது.

மூன்றாவது, பெக்கின் ஓட்டை 14 மி.மீ. என் அக்சில் 10. இடைவெளிக்கு ஒரு வளையம் பெட்டிக்குள்ளேயே தந்திருந்தார்கள். அந்த வளையத்தைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். பீ.எம்.எக்ஸ்காரர் ஏன் பின்னுக்கு 14 வைக்கிறார்கள் என்று ஒரு நிமிசம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வளையத்தைப் போட்டு இறுக்கினேன்.

"ஹோல்ட் பண்ணுமோ அப்பா?"

"டேய், உன்ர பூட்டியை ஒரு இரவு முழுக்கத் தாங்கினது."

அவனுக்கு அது விளங்கவில்லை. நானும் விளங்கப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அவனுடைய கூட்டாளி போன் எடுத்தான். ஒரு பூங்காவின் தாழ்ந்த சீமெந்துக் கட்டு, முழங்கால் உயரம்தான். ஏறியிருக்கிறான். பெக் விளிம்பில் இருந்தபடியே கீழ்நோக்கி மடிந்திருக்கிறது, சில்லு சரிந்து ரயர் பிரேமில் இறுகிவிட்டது. சைக்கிள் நின்றது, இவன் நிற்கவில்லை. கையை ஊன்றியிருக்கிறான். மணிக்கட்டில் எலும்பு வெடிப்பு.

ஆசுப்பத்திரியில் மனிசி என்னோடு கதைக்கவில்லை. அவனைத்தான் கேட்டா.

"ஆர் உதைப் பூட்டினது?"

"நான்தான்."

என்னைப் பார்க்கவும் இல்லை. அப்படியே சொன்னான். நான் பக்கத்தில் நிற்கிறேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "பாத்தியளே, பிள்ளையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டாமோ, உங்கட ஷெட்டுக்குள்ள வைச்சுத்தானே செய்திருக்கிறான்" என்று அவ சொன்னபோது தலையையும் ஆட்டினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பதினைந்து வயதுப் பெடியன் எனக்காகப் பொய் சொன்னான், நான் அந்தப் பொய்யில் இரண்டு இரவு நித்திரை கொண்டேன். நித்திரை கொள்ளவில்லை என்று எழுதினால் நல்லாய் இருக்கும். வேலைக் களைப்பு, நான் கொண்டேன்.

மூன்றாம் நாள் அக்சிலை வெளியே எடுத்தேன். இடப்பக்கக் கோனுக்கு வெளியே, வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. பிரேமில் அக்சில் இருக்கிற வெட்டு வாய் பிளந்து, பெயின்ற் மயிரளவு வெடித்திருந்தது. அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் செய்த பிழை என்னவென்றால், அம்மம்மாவின் கால்கட்டையும் இதுவும் ஒன்று என்று நினைத்தது. பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அம்மம்மாவின் பாரம் கரியரில் இருந்தது. கட்டையில் இருந்தது அவவின் இரண்டு கால் மட்டும், அதுவும் அசையாமல். பெக்கில் வருவது அறுபது கிலோப் பெடியனும் சைக்கிளும் மேலிருந்து விழுகிற அடி. அதுவும் பிரேமிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் வெளியே, ஒரு அலவாங்கின் நுனியில் விழுகிற மாதிரி.

அதோடு 10க்கும் 14க்கும் வித்தியாசம் நாலு மி.மீ. என்று நினைப்பது சாப்பாட்டுக் கணக்கு. உருளைக் கம்பி ஒன்று வளையாமல் நிற்கிற பலம் அதன் விட்டத்தை மூன்று தரம் பெருக்கின கணக்கில் ஏறும். 10ஐ மூன்று தரம் பெருக்கினால் 1000. 14ஐப் பெருக்கினால் 2744. ஒரே இரும்பு என்றாலே இரண்டே முக்கால் மடங்கு. பீ.எம்.எக்ஸில் முன்னுக்கு 10 தானே என்று ஆரும் கேட்கலாம். உண்மை, முன்னுக்கு ஏறக்குறைய அந்த அளவுதான். ஆனால் அது பதம் வைத்த குரோமொலி உருக்கு, பின்சில்லு வாங்குகிற அளவு அடியும் அதுக்கு வராது. நான் வாங்கினது ஐந்து பவுண்ஸ் அக்சில். ஏழு கியர் சில்லுகளில் அந்த அக்சில் பெக் இல்லாமலே வளைகிறது.

அன்றைக்கு இரவு குசினியில் மனிசியிடம் சொன்னேன். "பூட்டினது நான்." அவ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தா. தண்ணியைப் பூட்டினா.

"எனக்குத் தெரியும். அவனுக்கு எங்க கோன் இறுக்கத் தெரியும்? நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அதற்குப் பிறகு கிடைத்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

கை ஆறுகிழமை பிளாஸ்ரரில். அந்த நாட்களில் அவன் ஷெட்டுக்குள் ஒரு கவிழ்த்த வாளியில் வந்து இருப்பான். நான் எதிர்பார்த்தது, இனி இந்தச் சனியன் வேண்டாம் என்பான் என்று. அவன் கேட்டது, "பிரேம் வெட்டை 14க்கு ராவினால் என்ன?" என்று. ராவலாம், அரம் இருக்கிறது, அரை மணித்தியால வேலை. ஆனால் ராவின பிறகு அக்சிலைச் சுற்றி மிஞ்சுகிற அலுமினியம் எவ்வளவு? அலுமினியம் இரும்பு மாதிரி வளைந்து காட்டிப்போட்டு உடையாது. திடீரென்று விடும். ஆரும் உங்களுக்கு ராவச் சொன்னால் செய்யாதையுங்கோ.

வழி வேறு. பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் 26 இஞ்சிச் சில்லுக்கான உருக்குப் பிரேம் ஒன்று எடுத்தோம், தெருவில் ஓடுவதற்கென்றே செய்தது. கியர் இல்லை. அக்சில் வெட்டு பின்பக்கம் பார்த்த மட்ட வெட்டு, 14 மி.மீ. அகலம். முக்கியமானது, பின்கால்களுக்கு இடையில் 110 மி.மீ., பீ.எம்.எக்ஸ் அளவு. சாதாரண மவுண்டன் பைக்கில் அது 135. பீ.எம்.எக்ஸ் ஹப் அதுக்குள் லொடலொடவென்று நிற்கும். இதை அளக்காமல் ஹப் வாங்கினால் காசு போச்சு. நான் இந்தமுறை அளந்தேன். மூன்று தரம்.

ஸ்பிறிங் இல்லாத உருக்கு ஃபோர்க்கும் அதோடு வந்தது, ஆகவே முன்னுக்கும் ஒரு பெக் போடலாம். பழைய சைக்கிளிலிருந்து சீற், ஹாண்டில், பிரேக், இரண்டு றிம் ஆகியவற்றை எடுத்தோம். பழைய பின் றிம்முக்கு 36 ஓட்டை, புது ஹப்புக்கும் 36. கம்பி மட்டும் புது நீளம். "நீங்கள் வாங்கித் தந்த சில்லு இருக்குத்தானே" என்றான், ஆறுதல் சொல்கிற மாதிரி.

கம்பி கட்டுகிறது எனக்குப் பிடித்த வேலை. ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பியைக் கடந்து போக வேண்டும். எல்லாம் கட்டினபிறகு விரலால் தட்டிச் சத்தம் கேட்டு, நெளிவு எடுக்க வேண்டும். அவனை ஒரு கையால் சில்லைச் சுழற்றச் சொல்லிப்போட்டு நான் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டான், "பூட்டியைத் தாங்கினது எண்டு சொன்னீங்கள், என்ன அது?"

சொன்னேன். கால்கட்டை, பாலம், மழை எல்லாம். 1996இல் கிளாலியால் வள்ளத்தில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போனது. அந்த வருசமே கிளிநொச்சியும் விட்டு ஸ்கந்தபுரம். அங்கே ஒரு மாமரத்துக்குக் கீழே, 1997இல், காய்ச்சலில் அம்மம்மா போனது. பிறகு நான் வெளிக்கிடக் காசு சேர்த்தபோது சைக்கிளை விற்றது. வாங்க வந்தவர் விலை பேசி முடித்தபிறகு, "உந்தக் குழாய் ரண்டும் வேண்டாம் தம்பி, றோட்டில கொழுவும், களட்டிப்போட்டுத் தாரும்" என்றார். களட்டினேன். நட்டு துருப்பிடித்துக் கனநேரம் எடுத்தது.

"அந்த பைப் எங்க?"

"வேலியடியில எறிஞ்சனான்."

சில்லு சுழன்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு மொத்தம்?" என்று கேட்டான். விரலால் காட்டினேன். பெக் ஒன்றை எடுத்து என் விரலுக்குள் விட்டுப் பார்த்தான். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

கார்த்திகையில் கை சரியானதும் பூட்டி முடித்தோம். 14 மி.மீ. அக்சிலுக்கு 17 நட்டு. அது குழாயின் அடியில் இருப்பதால் சாதாரண ஸ்பனர் எட்டாது. ஆழமான சொக்கெற்றும் நீட்டுத் துண்டும் வேண்டும். இரண்டு பிரேக்கும் இல்லாமல் வாசல் தாண்ட விடமாட்டேன் என்றேன். ஸ்றீட்காரர் பிரேக் வைக்கிறதில்லை என்று ஒரு நாள் முழுக்க வாதாடினான். அதில் மனிசி என் பக்கம்.

முதல் ஓட்டத்துக்கு நானும் போனேன். தேம்ஸ் ஆற்றங்கரையில், குயின் எலிசபெத் மண்டபத்துக்குக் கீழே ஒரு தூண்கள் நிறைந்த இடம் இருக்கிறது. எழுபதுகளிலிருந்து ஸ்கேற்போர்ட் பெடியங்கள் அங்கேதான். 2013இல் அதைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் ஆக்கப்போகிறோம் என்றபோது பெடியங்கள் எதிர்த்து நின்றார்கள். 2014இல் இடம் அவர்களுக்கே என்று உடன்பாடு வந்தது. மூடிக்கிடந்த ஒரு பகுதியைக்கூட 2019இல் திருத்தித் திறந்தார்கள். நான் லண்டனுக்கு வந்து இத்தனை வருசத்தில் அதைக் கடந்து எத்தனையோ தரம் வேலைக்குப் போயிருக்கிறேன். காவாலிகள் நிற்கிற இடம் என்று ஒதுங்கித்தான் போவேன். ஒரு இடத்தை விட்டுப் போகமாட்டோம் என்று நின்று அதை வைத்திருக்கிறவர்கள் என்று மகன்தான் ரயிலில் வரும்போது சொன்னான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பெரிய சில்லில் இது கஷ்டம் என்பதும் அங்கேதான் கண்ணால் கண்டது. 26 இஞ்சியில் அக்சில் நிலத்திலிருந்து 33 சென்ரிமீற்றர் அளவில் நிற்கிறது, 20 இஞ்சியில் 25 தான். அதே கட்டில் ஏற, பெக்கைக் கூட எட்டுச் சென்ரிமீற்றர் தூக்க வேண்டும் என்று நான் பயந்தேன். மகன் சிரித்தான். பெக் ஏற்கெனவே மேலேதான் நிற்கிறது, தாழ்ந்த கட்டுகளுக்கு அதுதான் கரைச்சல், கட்டு பெக்கைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெக் அந்தரத்தில் என்று கையால் காட்டினான். சரிதான். முப்பது வருசம் சைக்கிள் தெரிந்தவன், அதையும் அவனிடம்தான் படிக்க வேண்டியிருந்தது.

விளிம்பில் மெழுகு தேய்த்தான். பின்னுக்குப் போய் வந்தான். இரண்டு தரம் பக்கத்தால் போனான், ஏறவில்லை. மூன்றாம் தரம் துள்ளினான்.

அந்தச் சத்தம். கத்தி சாணை பிடிக்கிற மாதிரி, ஆனால் அதைவிடத் தடித்த சத்தம். எனக்குப் பல் கூசியது. கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது கட்டின் மற்ற நுனியில் இறங்கி, ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறான். கிட்டப் போய் முதலில் பெக்கைத்தான் தடவினேன். சூடு. கறுப்புப் பெயின்ற் ஒரு கோடு நீளத்துக்குப் போய், வெறும் உருக்கு மினுங்கியது.

"நல்லா இருக்கோ?" என்று கேட்டான். பெக்கையோ தன்னையோ தெரியாது.

"தேயத் தொடங்கீட்டுது" என்றேன்.

ஒரு மணித்தியாலம் விட்டேன். புது அக்சில் முதல் ஓட்டத்தில் இருப்புக் கொள்ளும், நட்டைத் திருப்பி இறுக்க வேண்டும், அது எந்தச் சைக்கிளுக்கும் பொது. ஜக்கெற் பொக்கற்றிலிருந்து சொக்கெற்றை எடுத்தேன். முன் பெக் அசையவில்லை. பின்னது நல்ல கால் சுற்றுப் போனது.

அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"லூஸா இருந்ததோ?"

"கொஞ்சம்."

"அம்மாவிட்டச் சொல்லுவியளோ?"

"கேட்டால் சொல்லுவன்."

"கேக்கமாட்டா" என்றுவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தூண்களுக்குப் பின்னால் போனான்.